நடுநிலை யாருடைய சொத்து? நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியின் வாழ்வு

ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நீதிபதியாக அமர்ந்ததும், அவர் நடுநிலையோடு இருப்பாரா என்ற ஐயம் எழுப்பப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அதே இருக்கையை நிரப்பி வந்தவர்களை நோக்கி இக்கேள்வி எழுவதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதித்துறையின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி இதற்கு அளித்த விடையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

மாட்லி 1921இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். பெற்றோர் கரீபியத் தீவான நெவிசிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தந்தை யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்துப் பிழைத்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாமவரான மாட்லியைக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. பொதுக்கூட்டமொன்றில் அவருடைய பேச்சைக் கேட்ட செல்வந்தர் ஒருவர் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். 1946இல், அண்ணல் அம்பேத்கர் பயின்ற அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் சட்டப்பட்டம் பெற்றார்.

மாணவியாக இருந்தபோதே, தர்குட் மார்ஷல் தலைமையில் கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நடத்திய சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் சேர்ந்தார். பள்ளிகளில் இனஒதுக்கலைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்குக்குத் தொடக்க மனுவை எழுதியவர் அவரே. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞருக்காகப் போராடி, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கதவுகளைத் திறக்கச் செய்தார். உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய பத்து வழக்குகளில் ஒன்பதில் வென்றார். தோற்ற ஒன்று, நடுவர் குழுக்களிலிருந்து கறுப்பின மக்கள் விலக்கப்படுவதை எதிர்த்த வழக்கு. அதிலும் அவர் முன்வைத்த வாதத்தின் பக்கமே 1986இல் அந்நீதிமன்றம் வந்து சேர்ந்தது.

1966இல் அதிபர் ஜான்சன் அவரை நியூயார்க் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். செனட் நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்தவர் மிசிசிப்பியின் ஈஸ்ட்லாண்ட். தம் மாநிலப் பல்கலைக்கழகத்தை நீதிமன்றத்தில் வென்ற அப்பெண்ணைக் கம்யூனிஸ்ட் என்று பழித்து, நியமனத்தை மாதக்கணக்கில் முடக்கினார். ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டில் செனட் ஒப்புதல் அளித்தது.

1975இல் அந்தப் பழைய கேள்வி நீதிமன்றத்துக்குள்ளேயே வந்தது. பணிநியமனத்தில் பெண்களை ஒதுக்குவதாகப் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின்மீது வழக்கு. கறுப்பினப் பெண்ணாகவும் உரிமைப் போராட்ட வழக்குரைஞராகவும் இருந்தவர் இதை விசாரிக்கக் கூடாது என்று அந்நிறுவனத் தரப்பு கோரியது. மாட்லி விலக மறுத்தார். எல்லா நீதிபதிகளுக்கும் இனமும் பாலினமும் உண்டு. அவையே விலகுவதற்குக் காரணமானால், விசாரிக்க எவரும் எஞ்சமாட்டார் என்பதே அவருடைய தருக்கம்.

1978இல் பேஸ்பால் வீரர்களின் உடைமாற்றும் அறையில் பெண் செய்தியாளர்களுக்குச் சம வாய்ப்பு அளிக்க ஆணையிட்டார். அதேவேளை, தம்மிடம் வந்த பாகுபாட்டு வழக்குகள் அனைத்திலும் அவர் வழக்குத் தொடுத்தோர் பக்கம் நின்றுவிடவில்லை. சான்று போதாதபோது தள்ளுபடியும் செய்தார். 1982இல் அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மட்டும் அவர் உயர்த்தப்படவேயில்லை. 2005இல் மறைந்தார்.

மாட்லி தம் பிறப்பை மறைத்து நடுநிலையை நிறுவவில்லை. ஆதிக்கத்தில் இருப்போரின் பிறப்பும் ஒரு பிறப்பே என்பதைச் சட்டத்தின் மொழியில் பதிவு செய்தார். சமூகநீதி பேசுவோரைச் சார்புடையோர் என்று ஒதுக்கும் எவரிடமும் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது: சார்பற்ற பிறப்பு எது?