55 ஆண்டுகள் ஆண்ட மனாசே

ஆண்டுதோறும் டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் மூதாதையர் பட்டியல் வாசிக்கப்படுவதை நாம் அறிவோம். பெயர் மேல் பெயராக வரும். வாசிக்கும் குருக்களே சில இடங்களில் தடுமாறுவதுண்டு. அந்த வரிசையில் எசேக்கியாவுக்கும் ஆமோனுக்கும் நடுவே மனாசே என்ற பெயர் நம் காதைக் கடந்து போகிறது. இவன் யோசேப்பின் மகன் மனாசே அல்ல, யூதா நாட்டின் அரசன். மெசியாவின் முன்னோருள் இவனைவிடக் கறைபடிந்த பெயர் வேறில்லை என்றே சொல்லலாம்.

தந்தை எசேக்கியா இறைப்பற்று மிக்கவர். தொழுகை மேடுகளை அகற்றி, மக்களை ஆண்டவரிடம் திருப்பியவர். சாகும் தறுவாயில் அவர் கண்ணீர் விட்டு மன்றாடியபோது, இன்னும் 15 ஆண்டு வாழ்வு அவருக்கு அருளப்பட்டது. மனாசே அரியணை ஏறியபோது அவனுக்கு வயது 12. அப்படியானால் கண்ணீருக்குக் கிடைத்த அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளை இவன். தந்தை கேட்டுப் பெற்ற நாள்களில் இப்படி ஒரு மகனா என்று நமக்குத் தோன்றலாம்.

அவன் கைக்கு வந்த நாடு காயப்பட்ட நாடு. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிபு யூதாமேல் படையெடுத்து, அரண்சூழ் நகர்கள் 46ஐக் கைப்பற்றியதாகத் தன் கல்வெட்டில் பதித்திருக்கிறான். எருசலேம் மட்டும் தப்பியது. மனாசே அசீரியாவுக்குப் பணிந்து கப்பம் கட்டினான். அடுத்து வந்த அசீரிய அரசன் எசரகத்தோன், நினிவே அரண்மனைக்கு மரமும் கல்லும் அனுப்பிய 22 அரசர்களின் பட்டியலில் மனாசேயின் பெயரையும் பொறித்து வைத்தான். அவனுக்குப் பின் வந்த அசூர்பனிபாலின் கல்வெட்டிலும் அந்தப் பெயர் உண்டு. தாவீதின் வழிவந்த அரசர்களில் வேறு எவரும் 55 ஆண்டுகள் ஆண்டதில்லை. உலகக் கணக்கில் இவன் கெட்டிக்காரன்தான்.

அரசர்கள் இரண்டாம் நூல் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தந்தை இடித்த மேடுகளை மகன் மீண்டும் கட்டினான். பாகாலுக்குப் பலிபீடங்கள் எழுப்பினான். கோவிலின் இரு முற்றங்களிலும் விண்மீன் கூட்டங்களுக்குப் பீடம் அமைத்தான். கோவிலுக்குள்ளேயே அசேராவின் சிலையை நிறுத்தினான். தன் மகனையே நெருப்புக்குக் கொடுத்தான். அந்தப் பிள்ளையின் பெயர்கூட எழுதப்படவில்லை. எருசலேம் ஒரு முனை முதல் மறுமுனை வரை நிரம்பும் அளவுக்கு மாசற்றவர்களின் இரத்தத்தைச் சிந்தினான் என்பது அவன்மேல் சொல்லப்படும் கடைசிக் குற்றம். இறைவாக்கினர் எசாயாவும் இவன் காலத்தில்தான் வாளால் அறுக்கப்பட்டு இறந்தார் என்பது யூதரின் பழைய மரபு. அரசர்கள் நூலைப் பொறுத்தவரை கதை இத்துடன் முடிகிறது. மனாசே இறந்தான், அரண்மனைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டான்.

குறிப்பேடு இரண்டாம் நூலைத் திறந்தால் நாம் வியப்படைகிறோம். அசீரியப் படைத்தலைவர்கள் மனாசேயைப் பிடித்து, கொக்கி மாட்டி, வெண்கலச் சங்கிலிகளால் கட்டிப் பாபிலோனுக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே அவன் தன் மூதாதையரின் கடவுள்முன் மிகவும் தாழ்ந்து மன்றாடினான். கடவுள் மனமிரங்கினார், அவன் எருசலேமுக்கு மீண்டான். நகரின் வெளிமதிலைக் கட்டினான், வேற்றுத் தெய்வங்களை வெளியே எறிந்தான், ஆண்டவரின் பலிபீடத்தைச் சீர்ப்படுத்தினான்.

ஒரே மனிதனைப் பற்றி ஏன் இந்த வேறுபாடு? அரசர்கள் நூலுக்குப் பின்னால் எருசலேம் ஏன் அழிந்தது என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு அந்நூல் தரும் பதில்களில் முதன்மையானது மனாசேயின் பாவம். குறிப்பேடு எழுதப்பட்டதோ பாபிலோன் அடிமைத்தனம் முடிந்து வெகுகாலம் கழித்து. தொலைநாட்டில் கட்டுண்டு, அழுது, ஊர் திரும்பிய மக்களுக்கு மனாசேயின் கதை தங்கள் கதையாகவே கேட்டிருக்கும். மனாசே மனம் மாறியதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த இரத்தத்தை மறந்துவிட நமக்கு உரிமை இல்லை. இரத்தத்தை மட்டும் பேசி மனமாற்றத்தை மறுக்கவும் முடியாது. திருச்சபை இரண்டு நூல்களையும் நம் கையில் கொடுத்திருக்கிறது.

யூத அறிஞர்களுக்குள்ளும் இந்த வழக்கு தீரவில்லை. மறுவுலகில் பங்கில்லாத அரசர் மூவர் என்று மிஷ்னா கூறும்போது எரொபவாம், ஆகாபு ஆகியோருடன் மனாசேயையும் சேர்க்கிறது. யூதா என்ற ரபியோ, மனாசேக்குப் பங்கு உண்டு என்று அங்கேயே மறுத்துச் சொல்கிறார். மனாசேயின் மன்றாட்டு என்ற பெயரில் ஒரு சிறிய செபமும் வழங்கி வருகிறது. அது நம் திருமுறை நூல்களில் ஒன்றல்ல; ஆனாலும் 1592இன் இலத்தீன் விவிலியம் அதைப் பின்னிணைப்பில் வைத்துக் காத்தது. கீழைச் சபையினர் தவக்கால இரவுச் செபத்தில் அதை இன்றும் சொல்கிறார்கள்.

மனம் மாறிய பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மக்கள் ஆண்டவருக்கே பலியிட்டாலும், அந்த மேடுகளை விட்டு இறங்கவில்லை. கோவில் முற்றங்களில் மனாசே வைத்த பலிபீடங்களை இடித்தவர் பேரன் யோசியா என்கிறது அரசர்கள் நூல். மகன் ஆமோன் தந்தையின் பாவத்தைப் பின்பற்றினான், தந்தையின் கண்ணீரைப் பின்பற்றவில்லை. இரண்டே ஆண்டுகளில் தன் பணியாளர்களாலேயே கொல்லப்பட்டான்.

மனாசே இறந்தது 67 வயதில். பேரன் யோசியா 8 வயதில் அரசரானவர். தாத்தா இறந்தபோது அவருக்கு ஏறக்குறைய 6 வயது. பிற்காலத்தில் கோவிலைத் தூய்மைப்படுத்தி, திருச்சட்ட நூலைக் கேட்டதும் உடையைக் கிழித்துக்கொண்ட அந்த அரசர், சிறுவனாக அதே அரண்மனையில் அந்த முதியவரைப் பார்த்திருப்பார். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்பதைத் திருவிவிலியம் எழுதி வைக்கவில்லை.