சிதம்பரம் பிள்ளையும் சுதேசிக் கப்பலும்

பழனி மலைத்தொடரிலே பாச்சலூரில் நிற்பவனுக்குக் கடல் கண்ணிற் படுவதில்லை. ஆயினும் அம்மலையில் விளையும் காப்பியும் மிளகும் கடல் கடக்க வேண்டுமாயின், அவற்றுக்கான கூலியைக் கப்பலுடையவனே விதிக்கிறான். ஆதலின் கடல் கரையோரத்தாருக்கு மட்டும் உரிய விஷயமன்று. இவ்வுண்மையைச் செய்கையால் காட்டியவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை.

1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் ஒரு வக்கீலின் புதல்வராகப் பிறந்தார். தாமும் வக்கீலாகி, 1900-ல் தூத்துக்குடிக்குக் குடியேறினார். முத்துக்குளிப்புக்குப் பேர்போன அப்பட்டணத்திலிருந்து பாய்த்தோணிகள் நெடுங்காலமாகக் கொழும்புக்குச் சென்று வந்தன. ஆனால் நீராவிக் கப்பல் போக்குவரத்தோ பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரின் கைக்குள் இருந்தது.

1906-ம் வருஷம் அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்குகள் 40,000, பங்கொன்றுக்கு 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் அக்கிராசனம் வகித்தார். முதலில் வாடகைக் கப்பல்களே ஓடின. பகைவரின் நெருக்குதலால் அவற்றை உடையவர்கள் திருப்பிக்கொள்ளவே, சொந்தக் கப்பலின்றி உய்வில்லை என்று கண்ட பிள்ளையவர்கள் அலைந்து பொருள் திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின.

எதிரிகள் கட்டணத்தைக் குறைத்தனர், இவரும் குறைத்தார். பின்னர் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்தார்கள் என்பர். தனம் மிகுந்தவன் நஷ்டத்தையே ஆயுதமாக்கும் வித்தை இது.

1908-ல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். மார்ச் 12-ந் தேதி கைதானார். ராஜத்துவேஷ வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலே, மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார்.

சிறைக்கு வெளியே நிகழ்ந்ததோ அதனினும் கொடிது. தலைவனை இழந்த கம்பெனி தளர்ந்து, 1911-ல் கலைக்கப்பட்டது. கப்பலொன்று போட்டியாளருக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையான பிள்ளையவர்களுக்குக் கப்பலுமில்லை, வக்கீல் சன்னதுமில்லை. வறுமையில் உழன்றார், பின்னரே சன்னது மீண்டும் கிடைத்தது. அவ்வறுமையிலும் குறளுக்கு உரை கண்டார், தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார். 1936-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியிலேயே காலமானார்.

2011-ல் அத்துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தக்கதே. எனினும் இச்சரித்திரம் நம்மிடம் கேட்பது பெயர்ப்பலகையன்று. ஒருவர் சிறை சென்றதும் ஒரு தேசத்தின் கப்பல் ஏன் நின்றது? பங்கு வாங்குவது ஒரு நாளின் உற்சாகம். தலைவன் இல்லாத காலத்தும், நஷ்டம் வந்த காலத்தும், அதைக் கைவிடாதிருப்பதே தேசபக்தி. செக்கின் பாரத்தை அவர் தாங்கினார்; கப்பலின் பாரத்தை நம்மவர் தாங்கவில்லை.