மழைக்குக் கணக்கெழுதியவர்

1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று தென்னாட்டு மக்கள் இன்றும் நினைவுகூரும் அக்கொடிய பஞ்சத்தில் பல இலட்சம் உயிர்கள் மாண்டன. மழையின் வரவை முன்கூட்டியே அறிய இயலுமா என்னும் வினா அதன்பின் ஆட்சியாளரை உறுத்தியது. 1875இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்தின் பனிப்படிவைக் கருத்திற்கொண்டு 1886 முதல் பருவமழைக் கணிப்பை முறையாக வெளியிட்டார். அடுத்து வந்த எலியட் பக்கம் பக்கமாகக் கணிப்புகளை எழுதினார். 1899இல் அவர் நல்ல மழையை எதிர்பார்த்தார்; வந்ததோ கடும் வறட்சி. கணிப்பின்மீது நம்பிக்கை குலைந்திருந்த அவ்வேளையில்தான் கில்பர்ட் வாக்கர் இந்தியாவுக்கு வந்தார்.

வாக்கர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் 1889இல் முதலிடம் பெற்றார். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங்கின் பறத்தலை ஆராய்வதில் அவருக்குப் பெருவிருப்பம். தென்பாண்டிச் சீமையின் வளரிக்கு உறவான அக்கருவியின் பெயரையே நண்பர்கள் அவருக்குப் பட்டப்பெயராக்கினர். குழலிசைக் கருவியின் அமைப்பும் பறவைகளின் பறத்தலும்கூட அவருடைய ஆய்வுக்குரியனவாயின. வானிலையியலை மட்டும் அவர் கற்றிருக்கவில்லை! எனினும் 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மழைக்குரிய காரணத்தைக் கோட்பாட்டால் கண்டறிய அக்கால அறிவியலுக்கு வலிமை போதாது என்பதை வாக்கர் விரைவில் உணர்ந்தார். எனவே புள்ளியியலைத் துணைக்கொண்டார். உலகின் பல நிலையங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டினார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இந்திய எழுத்தர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, அவற்றுக்கிடையேயான ஒட்டுறவைக் கையாலேயே கணக்கிட்டனர். இமயத்தின் பனி, மொரீஷியசின் காற்றழுத்தம், தென்னமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபாரின் மழை ஆகியவற்றைக்கொண்டு இந்திய மழையைக் கணிக்கும் சமன்பாட்டை வாக்கர் உருவாக்கினார்.

ஆயினும் தம் கணக்கை அவர் கண்மூடி நம்பவில்லை. ஆயிரம் எண்களை ஒப்பிட்டால் சில தற்செயலாகவே பொருந்திவிடும். அத்தகைய போலி உறவை மெய்யுறவிலிருந்து பிரித்தறியும் அளவுகோலை 1914இல் வகுத்தார். இந்தியா முழுமையையும் ஒரே நிலமாகக் கொள்வது பொருந்தாது எனக் கண்டு, தீபகற்பம், வடமேற்கு, வடகிழக்கு எனப் பிரித்துக் கணிக்கவும் முற்பட்டார்.

அப்பிரிவுகளும் ஓர் உழவரின் வயலை நோக்க மிகப் பரந்தவையே. இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் அருகே, மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த மம்சாபுரத்தை எண்ணிப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடும். கண்மாய் நிரம்புவதும் மானாவாரி நிலம் நனைவதும் பெரிதும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையாலேயே. வாக்கரின் கணிப்போ தென்மேற்குப் பருவத்தையே முதன்மையாக நோக்கியது. பசிபிக் பெருங்கடல் வெப்பமுறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும் வடகிழக்குப் பருவமழை மிகுவதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. 2015இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பில் 86 விழுக்காடே பெய்தது. அவ்வாண்டின் இறுதியிலோ தமிழ்நாடு வெள்ளத்தில் மிதந்தது. நாட்டுக்குச் சொல்லப்பட்ட வறட்சிச் செய்தியைத் தம் ஊருக்கும் உரியதெனக் கொண்டு விதைப்பைக் கைவிடும் உழவர் ஒரு பருவத்தையே இழக்க நேரிடும். மேலும், முதல் மழைக்குப்பின் எத்தனை நாள் வானம் வெளுத்திருக்கும் என்பதே விதைப்பவரின் கவலை. பருவம் முழுவதற்குமான மொத்த மழையளவைக் கூறும் கணிப்பில் அதற்கு விடையில்லை. கடனுக்கு வாங்கிய விதை முளைத்துக் கருகினால், ஆண்டு முடிவில் மொத்த மழை இயல்பாக இருந்தென்ன?

கணக்குகளின் ஊடே வாக்கர் கண்டறிந்தது வேறொன்று. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது. அங்கே தாழும்போது இங்கே உயர்கிறது. துலாக்கோலின் தட்டுகளை ஒத்த இவ்வசைவுக்குத் தெற்கு அலைவு எனப் பெயரிட்டார். மழையைத் தேடிச் சென்றவருக்கு உலக வானிலையின் பெரும் புதிர் ஒன்று கிட்டியது. ஆனால் இந்தியப் பருவமழையைக் கணிக்க அது அவர் எதிர்பார்த்த அளவு உதவவில்லை. பருவமழையே பிற பகுதிகளின் வானிலையை முன்னறிவிக்கும் குறியாக விளங்குகிறது என்பதைப் பின்னாளில் நார்மண்ட் எடுத்துக்காட்டினார்.

1924இல் பணி நிறைவுற்று, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வாக்கர் பேராசிரியரானார். நீண்டகாலக் கணிப்பை உறுதிமொழியாகக் கொள்ளாமல், வரவிருப்பதன் நிழல்போலவே கொள்ளவேண்டும் எனக் கருதி, அதற்கேற்ற மென்மையான சொல்லையே தம் கட்டுரைகளில் ஆண்டார். 1958ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், தம் 90ஆம் அகவையில் மறைந்தார். பதினோராண்டுகள் கழித்து, 1969இல், தெற்கு அலைவுக்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பைப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் விளக்கினார். பசிபிக்கின்மீது கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி எனப் பெயர் சூட்டினார்.