வீதியில் கிடந்த மோதிரம்: மெக்காலே எழுதிவைத்த சட்டம்

ஏமாற்றுக்காரனை 420 என்று திட்டுவதைத் தமிழ்ப் படங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்குரிய பிரிவின் இலக்கம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் மோசடியை வரையறுப்பது 398ஆம் பிரிவு. இலக்கங்கள் வேறானாலும் இரண்டு சட்டங்களின் வேரும் ஒன்றுதான். அந்த வேரை ஊன்றியவர் தோமஸ் பாபிங்டன் மெக்காலே.

1800 ஒக்டோபர் 25 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பிறந்தவர். தந்தை அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் போராடியவர். மகன் கேம்பிரிட்ஜில் படித்து, 1830இல் நாடாளுமன்றம் சென்றார். இதற்கிடையில் தந்தையின் வர்த்தகம் நொடித்து, கடன் பிள்ளைகளின் தலையில் விழுந்தது. இந்திய ஆளுநர் நாயகத்தின் சபையில் சட்ட உறுப்பினர் பதவி, ஆண்டுக்கு 10,000 பவுண் சம்பளத்துடன் வந்தபோது அவர் அதை ஏற்க அந்தப் பணமுடையும் ஒரு காரணம். 1834 ஜூனில் சென்னையில் வந்திறங்கினார்.

அடுத்த ஆண்டு எழுதிய கல்விக் குறிப்பில், தனக்கு வாசிக்கத் தெரியாத மொழிகளின் இலக்கியங்களை அவர் துச்சமாக எடைபோட்டார். அந்த இறுமாப்பை நான் மறைத்து எழுதப் போவதில்லை. ஆனால் அதே மனிதர் சட்ட ஆணைக்குழுவின் தலைவராக இருந்து இன்னொரு வேலையையும் செய்தார். மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டுக் கிடந்த குற்றவியல் சட்டங்களுக்குப் பதிலாக ஒரே கோவையை 1837இல் வரைந்து முடித்தார். சக உறுப்பினர்கள் நோயில் விழ, பெரும் சுமை அவர்மீதே இருந்தது. வரையறைகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணங்களைச் சேர்த்தார். அவற்றில் வரும் ஆட்களுக்குப் பெயரில்லை, சாதியில்லை, மதமில்லை. ஏ என்றும் இசட் என்றும் எழுத்துகள் மட்டுமே.

1838இல் அவர் நாடு திரும்பினார். வரைவு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 1859 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தார். பார்ன்ஸ் பீகொக் திருத்திய வடிவம் 1860 ஒக்டோபரில்தான் சட்டமானது. அதை அடியொற்றி இலங்கையில் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது. இந்தியா 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தை மாற்றிவிட்டது. இங்கே அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

களவு பற்றிய பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. ஒருவர் பெருவீதியில் யாருடைய கையிலும் இல்லாத மோதிரத்தைக் கண்டெடுக்கிறார். எடுத்தது களவல்ல. ஆனால் உரியவரை அறிந்திருந்தும், அல்லது தேடிக் கண்டுபிடிக்க வழியிருந்தும், அதைத் தனதாக்கினால் அது 386ஆம் பிரிவின்படி குற்றம். இறந்தவரின் உடைமையை நேர்மையீனமாகக் கையாடுவதற்கென்று 387ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது.

உடையார்கட்டுக்காரருக்கு இது வெறும் சட்டப்பாடம் அல்ல. 2009 ஜனவரியில் அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நிலத்துக்குள் இந்த ஊரும் இருந்தது. அங்கும் செல் விழுந்தது. பரந்தன் - முல்லைத்தீவு வீதி நெடுகச் சனம் விட்டுப்போன நகைப்பெட்டி, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், கூரைத்தகடு எல்லாம் அந்த மோதிரம் போலத்தான். உரியவர் உயிர் தப்ப ஓடியதால் பொருள் அநாதையாகிவிடாது. எடுத்தவர் அயலவரா, வியாபாரியா, சீருடைக்காரரா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை.

2025 மே மாதத்தில், போர்க்காலத்தில் மீட்டதாகச் சொல்லி இராணுவம் தங்க நகைகளைப் பொலிஸிடம் கையளித்தது. பதினாறு ஆண்டுகளின் பின் அவற்றுக்கு உரிமை கோருவது எப்படி என்பதே இப்போதைய கேள்வி. அடகுச் சிட்டை பலரிடம் இல்லை. ஆனால் கலியாணப் படத்தில் அந்தச் சங்கிலி தெரியலாம், செய்த பத்தருக்கு அடையாளம் தெரியலாம், தாயோ சகோதரியோ சாட்சி சொல்லலாம். அவற்றை இப்போதே எழுதி, திகதியிட்டு, பிரதியெடுத்து வைப்பது நல்லது. சட்டம் எங்கள் பக்கம் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறது. அதை நீதிமன்றத்தில் பேசவைக்க உரியவர்தான் முன்வர வேண்டும்.