மூன்றாம் வகுப்போடு நின்றவர் திறந்த பாலிடெக்னிக்

(இரண்டாம் ஆண்டு மின்னியல் துறை மாணவன், திருப்பனந்தாள்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை எழுதத் தெரியாத நான் திருதிருவென்று விழித்தேன். அப்புறம் ஒரு மனிதரின் நினைவு வந்தது. என் படிப்பை நிறுத்தப் பார்த்தது அவர் பெயர்தான். நிறுத்த விடாமல் காப்பாற்றியதும் அவர் வாழ்க்கைதான். இத்தனைக்கும் அவர் காலமாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்தான் கோபால்சாமி துரைசாமி நாயுடு. நாம் சுருக்கமாகச் சொல்வது ஜி.டி.நாயுடு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் போர்செட் மோட்டார் புகைந்தாலும் அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். நடவு நேரத்தில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து கட்டுவார். அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

அந்த முதல் ஆள் முதல் ஆண்டுக் கணக்கில் அரியர் வைத்தான். ரிசல்ட் வந்த அன்று டீக்கடையில் உறவுக்கார மாமா ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். கைவேலை தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு டிப்ளமோ எதற்கு, ஜி.டி.நாயுடு பாலிடெக்னிக் போயா கார் செய்தார், மூன்றாம் வகுப்போடு நின்றவர்தானே என்று. எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி அப்பாவிடம் படிப்பை நிறுத்திடுறேன்னு சொல்லிட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நம் நூலகத்தில் உட்கார்ந்து, அந்த நாயுடு உண்மையில் என்னதான் செய்தார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாமா சொன்னது பாதிதான். மீதியை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜி.டி.நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு வேப்பங்காய். மூன்றாம் வகுப்போடு சரி. ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததுதான் திருப்பம். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறதே என்று தூக்கம் கெட்டது. கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சுமார் மூன்று வருஷம் பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை. நட்டு போல்ட்டாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டினார். அதுதான் அவருடைய ஒர்க்ஷாப் பிராக்டிகல்!

1920-இல் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். பிறகு அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பஸ் ஓட்டிச் சம்பாதித்த பணத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. மின்சார சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, கள்ளத்தனம் செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று வரிசையாகச் செய்து பார்த்தார்.

1937-இல் நடந்ததைப் படித்தபோது என் கண் அங்கேயே நின்றுவிட்டது. டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை அவர் பீளமேட்டில் செய்தார். நமக்கு மேட்டூர் அணைத் தண்ணீர் 1934 முதல் உண்டு. கோவைக்காரர்களுக்குக் கிணறுதான் கதி. பைக்காரா மின்சாரம் 1930-களில் அங்கே வந்தபோது, கிணற்றுத் தண்ணீரை மேலே தூக்க மோட்டார் தேவைப்பட்டது. இன்று எங்கள் திண்ணையில் கிடக்கும் மோட்டார்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

இனி மாமா சொன்ன காருக்கு வருவோம். 1952-இல், தம் 59-வது வயதில், இரண்டு பேர் உட்காரும் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய். ஆனால் அது கடைக்கு வரவே இல்லை. அந்தக் காலத்தில் கார் தொழிற்சாலை நடத்த அரசின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கார் அப்படியே நின்றது. கார் தயாரிக்க லைசென்ஸ் வாங்கும் கட்டாயம் 1993-இல்தான் நீங்கியது. அவரோ 1974 ஜனவரி 4 அன்றே காலமாகிவிட்டார்.

அதே 1952-இல் லண்டனில் காலின் சாப்மன் என்ற இளைஞர் லோட்டஸ் என்ற சின்னக் கம்பெனியை ஆரம்பித்தார். அவரும் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை மாற்றிக் கட்டித்தான் 1948-இல் முதல் காரைச் செய்தார். எடையைக் குறை, வேகம் தானாக வரும் என்பதே அவர் வழி. அங்கேயும் அரசு குறுக்கே நின்றது. முழுக் கார் வாங்கினால் தனி வரி. அதனால் 1957-இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகம் பாகமாகவே விற்றார்கள். வாங்கியவர் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது! சாப்மனுக்கு ஒரு சந்து கிடைத்தது. நம் நாயுடுவுக்கு அதுவும் இல்லை. லோட்டஸ் கார் 1963-இலும் 1965-இலும் ஜிம் கிளார்க்குக்கு உலக சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தது.

சாப்மனைப் பற்றி இன்னொரு செய்தி, அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்காக. அவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்ஜினீயரிங் படித்தவர். 1948-இல் பட்டம் வாங்காமல் வெளியே வந்தார். காரணம் கணக்குப் பேப்பர்! 1949-இல் அதை மறுபடி எழுதித்தான் பட்டம் வாங்கினார்.

இப்போது மாமா சொல்லாமல் விட்ட பாதி. கார் செய்வதற்கு ஏழு வருஷம் முன்பு, 1945-இல், பள்ளிக்கூடம் பிடிக்காத இதே மனிதர் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கையும் இன்ஜினீயரிங் கல்லூரியையும் உருவாக்கினார். அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார். அவரே முதல்வராகவும் இருந்தார். கோவையில் அந்த இடத்தை இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கல்லூரிதான் பிறகு அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக ஆனது. நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் கைவேலையோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. வெள்ளைக்கார அரசு அதை ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார்.

நண்பர்களே, படிப்பே வேண்டாம் என்று நினைத்தவராக இருந்தால் அவர் எதற்குக் கல்லூரி கட்ட வேண்டும்? அவர் வெறுத்தது கை படாத படிப்பை. படிப்பை அல்ல. என் மரமண்டைக்கு இது அன்றுதான் உறைத்தது.

ஆனாலும் முழுசாகப் புரிந்தது திண்ணையில்தான். காயில் கட்டும்போது அப்பா பழைய காயிலைப் பிரித்து, எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணி, அதையே திரும்பக் கட்டுவார். ஒரு நாள் ஒரு மோட்டார் வந்தது. வேறு யாரோ கம்பியை முழுக்க உருவிப் போட்டுவிட்டார்கள். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. இதைத் திருப்பி அனுப்பிடலாம் என்றார் அப்பா. நான் ஸ்டேட்டரின் உள்விட்டம், கோர் நீளம், ஸ்லாட் எண்ணிக்கை எல்லாம் அளந்து எடுத்துக்கொண்டு நம் துறை சாரிடம் போனேன். அவர் 4.44 வரும் அந்த ஈ.எம்.எஃப். சமன்பாட்டைப் போடச் சொன்னார். இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாவது தடவை வந்த எண்ணைப் பார்த்து அவர் தலையாட்டினார். அப்பா அத்தனை சுற்று கட்டினார். லைன் கொடுத்ததும் மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. அப்பா அதன் மேல் கையை வைத்து ரொம்ப நேரம் சூடு பார்த்தார். பிறகு என் கணக்குத் தாளை மடித்துத் தன் டூல்ஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். படிப்பை நிறுத்துவதைப் பற்றி அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

அரியரை எழுதினேன். 52 மார்க். மாமாவுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 1945 கதையைச் சொன்னேன். அப்படியா சேதி என்று கேட்டுக்கொண்டார்.

உருவிப் போட்ட மோட்டார் மாதிரி எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லாத வேலைகள் நமக்கு நிறைய வரும். அப்போது அப்பாக்களின் கையும் வேண்டும், வகுப்பறைக் கணக்கும் வேண்டும். அரியர் இருக்கிறதே என்று நின்றுவிடாதீர்கள், நண்பர்களே!

கையும் கணக்கும் சேரட்டும்! நம் மாணவர் ஒற்றுமை ஓங்கட்டும்!