ஆய்வுக்கூடத்து உயிர்களுக்கு அரண் தேடிய ருக்மிணி தேவி

தமிழ்ச் சமணர் இல்லங்களில் டாக்டர் உ.வே. சாமிநாதையரின் பெயரை அறியாதார் இலர். கும்பகோணத்துச் சமணப் பெரியோரிடம் பொருள் கேட்டுத் தெளிந்து, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய பெருந்தகை அவர். 1942இல் அவர் மறைந்தபின், வாழ்நாளெல்லாம் ஊர் ஊராய் அலைந்து அவர் திரட்டிய ஏட்டுச் சுவடிகள் சிதறிவிடாமல் காக்க, 1943இல் அவர் பெயராலேயே சென்னை அடையாற்றில் ஒரு நூல்நிலையம் எழுந்தது. அதனைத் தோற்றுவித்தவர் கலாக்ஷேத்திரத்தின் நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார்.

அந்த அம்மையாருக்கு நாம் பட்டுள்ள கடன் அத்துடன் முடியவில்லை. நடனக் கலைஞர் என்றே நாடு அவரை நினைக்கின்றது. வாயற்ற சீவன்களுக்காக, சிறப்பாக மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் பலியாகும் உயிர்களுக்காக, அவர் ஆற்றிய தொண்டினை நம் இளந்தலைமுறையினர் அவ்வளவாக அறியார். அதனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் வளர்ப்பும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பிரம்மஞான சங்கத்தில் ஈடுபாடு கொண்டவர். பணி ஓய்வுக்குப்பின் குடும்பம் அடையாற்றில் குடியேறியது. அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் ருக்மிணி வளர்ந்தார். 1920இல், தம் பதினாறாம் வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேய அறிஞரை மணந்தார். அத்திருமணத்தை அன்றைய சென்னைச் சமூகம் கடுமையாக எதிர்த்தது. ஊரார் வாய்க்கு அஞ்சாத அந்த நெஞ்சுரமே பிற்காலத்தில் நாடாளுமன்றத்திலும் அவருக்குத் துணை நின்றது எனலாம்.

உலகப் புகழ்பெற்ற ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் நடனத்தில் நாட்டங்கொண்டு, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் பயின்றார். 1935இல் அரங்கேறினார், 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகளே. கலைக்கும் கருணைக்கும் இடையே அவர் வேலி இடவில்லை என்பதையே நாம் இங்குக் குறிப்பிட விரும்புகின்றோம். பிற உயிரின் துன்பத்தைக் கண்டு உருகாத உள்ளத்தில் அழகுணர்ச்சி தங்காது என்பது அவர் கொள்கை. வாழ்நாள் முழுதும் புலால் மறுத்தவர். உலகச் சைவ உணவாளர் சங்கத்தின் துணைத்தலைவராகப் பல்லாண்டு விளங்கியவர்.

மாநிலங்களவையில் ஒரு மசோதா

1952இல் மாநிலங்களவை முதன்முதலாக அமைந்தபோது, குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பெற்ற உறுப்பினர்களுள் ஒருவராக ருக்மிணி தேவி அங்குச் சென்றார். கலைஞர் என்ற தகுதியால் கிடைத்த இடத்தை அவர் விலங்குகளுக்காகப் பயன்படுத்தினார். அப்போது நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டில் வெள்ளையர் அரசு இயற்றிய வதைத்தடைச் சட்டம். அதன் எல்லையும் சிறிது, வலுவும் சிறிது. ஆய்வுக்கூடங்களின் கதவுக்கு உள்ளே நடப்பதைக் கேட்பார் எவருமிலர்.

எனவே, விலங்கு வதைத் தடுப்புக்கென ஒரு தனிநபர் மசோதாவை அவர் அவையில் கொணர்ந்தார். 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதன்மீது விவாதம் நடைபெற்றது. பிரதமர் நேரு அவருடைய பேச்சின் நோக்கத்தை மதித்துப் போற்றினார். ஆயினும் இப்பொருளை ஆராய ஒரு குழுவை அமைத்து, அரசே விரிவானதொரு சட்டத்தைக் கொண்டுவரும் என்று உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். அம்மையாரும் இசைந்தார்.

இஃது எளிய முடிவன்று. தாம் ஈன்ற மசோதாவைத் தம் கையாலேயே விலக்கிக்கொண்டு, பிறர் வகுக்கும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பு ஆறாண்டுகளுக்கு மேல் நீண்டது. 1960ஆம் ஆண்டு டிசம்பரில்தான் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

சட்டம் தந்ததும் தராததும்

அச்சட்டத்தின் நான்காம் அத்தியாயம் முழுவதும் விலங்குகள்மீது நடத்தப்பெறும் சோதனைகளைப் பற்றியது. அதன் முதற்பிரிவு கொல்லாமையில் ஊன்றி நிற்போர்க்கு வருத்தம் தருவதே. நோய் தீர்க்கவும் உயிர் காக்கவும் அறிவு வளரவும் செய்யப்படும் சோதனை சட்ட விரோதமன்று என்று அது கூறுகின்றது. உயிருடன் அறுத்து ஆராயும் முறையை மனமார வெறுத்த அம்மையாருக்கு இது நிறைவளித்திருக்க இயலாது.

ஆயினும் அடுத்துவரும் பிரிவுகளை நோக்குமின். சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கலாம்; தகுதி பெற்றவரே சோதனை செய்யவேண்டும்; அறுவைக்குமுன் மயக்கமருந்து தரவேண்டும்; மீண்டெழுந்தால் கொடுந்துன்பம் உறும் நிலையில் உள்ள உயிரை மயக்கத்திலேயே அடங்கச் செய்யவேண்டும்; மாதிரி உருவங்கள், நூல்கள், திரைப்படங்கள் ஆகியவற்றால் பாடம் கற்பிக்க இயலுமாயின் உயிரைத் தொடலாகாது; கைப்பழக்கத்துக்காக மட்டும் அறுத்தல் கூடாது; அனைத்துக்கும் பதிவேடு வேண்டும். அதற்குமுன் ஆய்வுக்கூடத்து முயலுக்கும் எலிக்கும் தவளைக்கும் இந்நாட்டில் இத்தகைய அரண் இருந்ததில்லை. வேர்விட ஓர் இடம் கிடைத்தது. மரம் பின்னர் வளரும் என்று அம்மையார் கருதியிருத்தல் வேண்டும்.

மரம் மெல்லத்தான் வளர்ந்தது. கண்காணிப்புக் குழு 1964இல் அமைந்தது. முதல் விதிகள் 1968இல் வந்தன. நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அறக்குழுவின் இசைவைப் பெறவேண்டும் என்னும் உறுதியான நடைமுறை 1998ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின்னரே வேரூன்றியது. மீறுவோர்க்குச் சட்டம் விதித்த தண்டமோ இருநூறு ரூபாய்க்கு மேற்படாதது.

இச்சட்டத்தின்படி 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் தோன்றியபோது, ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவரானார். வாரியத்தின் தலைமையகமும் பல்லாண்டுக்காலம் சென்னையிலேயே இருந்தது.

குரங்குகளின் கண்ணீர்

அக்காலத்தில் பாரத நாட்டின் மனச்சான்றை மிகவும் உறுத்தியது குரங்கு ஏற்றுமதி. இளம்பிள்ளை வாதத்துக்கு 1955இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. அதற்கான கிருமியைக் குரங்கின் சிறுநீரகத்து உயிரணுக்களில் வளர்த்தனர். 1950களின் பிற்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் நம் நாட்டிலிருந்து கூண்டுகளில் கடல் கடந்தன. 1955இல் லண்டன் விமான நிலையத்தில் நானூற்றையொட்டிய குரங்குகள் ஒரு வண்டியில் மூச்சுமுட்டி மாண்டன. அரசு ஏற்றுமதியைச் சிறிதுகாலம் நிறுத்தி, மருத்துவ ஆய்வுக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்னும் நிபந்தனையுடன் மீண்டும் திறந்தது. அந்நிபந்தனை மீறப்பட்டு, அணுக்கதிர்ச் சோதனைகளில் அவை வதைக்கப்பட்ட செய்தி பின்னர் வெளிவந்தது. சீவகாருண்ய அன்பர்கள் பல்லாண்டு எழுப்பிய குரலுக்குச் செவிசாய்த்து, மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியை அடியோடு தடுத்தது. 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு அதே மொரார்ஜி தேசாய் வேண்டியும் ஏலாதவர் ருக்மிணி தேவி. 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் எண்ண வேண்டியது

இங்கே ஒரு வினாவை நாம் மறைத்தல் ஆகாது. அத்தடுப்பு மருந்துகளால்தான் நம் குழந்தைகள் கால் முடங்காமல் நடக்கின்றனர். 2011ஆம் ஆண்டுக்குப்பின் இந்நாட்டில் அக்கொடிய நோயின் இயற்கைக் கிருமியால் எவரும் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகவில்லை. 2014இல் நம் நாடு அதிலிருந்து விடுபட்டதாகச் சான்றும் பெற்றது. எனில், அக்குரங்குகளின் உயிரை நாம் எக்கணக்கில் எழுதுவது?

இல்லறத்தார் முற்றிலும் விலக்கவேண்டியது எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சை என்று நம் ஆன்றோர் வகுத்தனர். செய்தலும் செய்வித்தலும் உடன்படுதலும் ஆகிய மூன்றாலும் வினை வந்து பொருந்தும் என்றும் உரைத்தனர். ஆய்வுக்கூடத்தில் நாம் கத்தி எடுப்பதில்லை. ஆனால் கடையில் காசு எடுத்துக் கொடுக்கின்றோம். நோயுற்றவர் மருந்தை மறுக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. தாய் தன் பிள்ளைக்குத் தடுப்பூசியை மறுப்பதும் ஓர் உயிருக்கு இழைக்கும் தீங்கேயாகும். அம்மருந்தைப் பெறும்போது அதற்காக மாண்ட உயிரை மறவாதிருத்தலும், உயிர்ப்பலி வேண்டாத வழி உண்டெனில் அதனையே நாடுதலும் நம் கடமை.

அத்தகைய வழிகள் உண்டு. 1962இல் ஜப்பானில் ஒரே ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்கள் இன்றும் பெருகி வருகின்றன. பல தடுப்பூசிகள் அவற்றிலேயே தயாராவதால் புதிய குரங்குகளைக் கொல்லும் தேவை பெரிதும் குறைந்தது. அழகுப் பொருள்களை விலங்குகள்மேல் சோதித்தலும், அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்தலும் 2014இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டன. புதிய மருந்துகளுக்கும் விலங்குச் சோதனைக்கு மாற்றாக உயிரணு வளர்ப்பு முதலிய முறைகளை ஏற்கலாம் என்று 2023ஆம் ஆண்டு விதித்திருத்தம் இடம் தந்துள்ளது.

நம் இல்லங்களில் மருந்தியலும் உயிரியலும் பயிலும் மைந்தரும் மகளிரும் பலர் உளர். கத்தியை நீட்டும் ஆசிரியரிடம் மாற்று முறை உண்டா என்று பணிவுடன் வினவும் உரிமையை அவர்க்கு அளித்தது 1960ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு வித்திட்டவர், முதலில் தோற்றதுபோல் தோன்றியும் தளராத ஓர் அம்மையார். அவர் நம் சமயத்திற் பிறந்தவரல்லர். எனினும் நம் அறத்தின் தலையாய கூற்றை அரசின் ஏட்டில் ஏற்றியவர். அவ்வினாவை எழுப்பும் துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவதே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

எவ்வுயிரும் இன்புற்று வாழ்க! அறம் தழைக்க!