இருளில் காத்திருந்த இறைமக்கள்



ஞாயிறு காலையில் ஆலய மணி ஒலிக்கின்றது. இன்னும் நேரம் இருக்கின்றது என எண்ணி நாம் தாமதிக்கின்றோம். மறையுரை முடியும் வேளையில் உள்ளே நுழைந்து, நற்கருணை வாங்கிய கையோடு வெளியேறுவோரும் நம்மிடையே உண்டு. இதே யாழ்ப்பாண மண்ணில் ஒரு திருப்பலிக்காக ஆண்டுக்கணக்கில் ஏங்கிக் காத்திருந்த நம் முன்னோரைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் ஒல்லாந்தரின் வழிபாட்டிடங்களாக மாற்றப்பட்டன. வீட்டினுள் மறைவாகச் செபமாலை சொல்லலாம். அவசர வேளையில் பொதுநிலையினரே திருமுழுக்கும் கொடுக்கலாம். ஆனால் குருவானவர் இன்றி நற்கருணை இல்லை. இந்தப் பசி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

அப்பசியைத் தீர்க்க வந்தவரே புனித யோசவ்வாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21 ஆம் நாள் கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்து, 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். மேய்ப்பரில்லாத இலங்கைக் கத்தோலிக்கரின் துயர் அறிந்து, 1687 இல் யோவான் என்னும் உதவியாளருடன் ஏழைக் கூலியாள் கோலத்தில் இங்கு வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றோட்டம் அவரை வீழ்த்தியது. தேறி எழுந்தவர், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அச்செபமாலையைக் கண்டு யாருடைய கண்கள் கலங்கினவோ, அவர்களே தம் மந்தையின் ஆடுகள் என அறிந்துகொண்டார்.

சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் தந்தது. இரவு வேளைகளில், அடைத்த கதவுகளின் பின்னே, பாவசங்கீர்த்தனம் கேட்டுத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஒரு நத்தார் இரவில் திருப்பலிக்குக் கூடியவர்கள் மீது ஒல்லாந்தச் சிப்பாய்கள் பாய்ந்தனர். மக்கள் சிறையும் தண்டனையும் ஏற்றனர், அடிகளார் தப்பினார்.

சிந்தித்துப் பாருங்கள். அரசு விரும்பிய வழிபாடு பகலில், முன்னோர் கட்டிய அதே ஆலயங்களில், எவ்வித ஆபத்துமின்றி நடந்தது. ஆயினும் இவர்கள் இருளுக்காகக் காத்திருந்தார்கள். நற்கருணை வெறும் அடையாளம் என எண்ணியிருந்தால், அதற்காகச் சிறை செல்லத் துணிந்திருப்பார்களா? அப்ப வடிவில் இருப்பவர் உயிருள்ள ஆண்டவர் இயேசுவே என்ற உறுதியே அவர்களை அழைத்துச் சென்றது.

யாழ்ப்பாணத்தில் இருக்க இயலாத நிலையில் அடிகளார் புத்தளத்துக்கும், 1692 இல் கண்டிக்கும் சென்றார். போர்த்துக்கேய ஒற்றர் என அங்கே சிறைப்பட்டார். காவலில் இருந்தபோதே சிறு குடிலொன்றை ஆலயமாக்கினார். 1697 இல் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாலேயே பேணினார். பீடத்தில் தம் கைகளில் ஏந்திய ஆண்டவரை நோயாளரிலும் அவர் கண்டார். 1711 ஜனவரி 16 ஆம் நாள் கண்டியில் இறையடி சேர்ந்தார்.

1995 ஜனவரியில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். அதே ஆண்டு ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் வீடும் ஆலயமும் விட்டு இடம்பெயர்ந்தனர். மரநிழலிலும் கொட்டிலிலும் திருப்பலி கண்ட அந்நாட்களை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். எல்லாம் இழந்த வேளையிலும் நற்கருணை ஆண்டவர் நம்மோடு வழிநடந்தார். 2015 ஜனவரி 14 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று நம் ஆலயக் கதவுகள் பகலில் திறந்திருக்கின்றன. அன்று ஆபத்து தடுத்தது. இன்று நம்மைத் தடுப்பது அசட்டையே. வரும் ஞாயிறு குடும்பமாகச் சற்று முன்னதாகவே செல்வோம். நற்கருணைப் பேழையின் முன் முழந்தாட்படியிடுவோம். நம் பிள்ளைகளுக்குச் சில்லாலையின் அந்த இரவுகளைச் சொல்லிக்கொடுப்போம். ஒப்புரவு பெற்ற உள்ளத்தோடு ஆண்டவரை ஏற்று, அவரது அன்பை அயலவரின் துயரிடத்துக்கு எடுத்துச் செல்வோம்.

புனித யோசவ்வாஸே, எங்களுக்காக மன்றாடும். ஆமென்.